தூங்கிக்கொண்டிருந்த படகு

ஆமாம், அது நான்தான். வள்ளியூர் தாண்டியதிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். கேட்டுவிட வேண்டியதுதானே சார், இதில் என்ன கூச்சம்? கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு 'கூட்டுப்படையே பதில் சொல்' என்று தொண்டை கிழியக் கத்தினவன் நான்தான். பெயர் பெர்க்மான்ஸ். டிவியில் எனக்குக் கீழே 'மீனவர்' என்று போட்டிருப்பார்கள், கவனித்தீர்களா? அதைப் பார்த்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கடற்கரையில் பிறந்தவனெல்லாம் மீனவனா? நான் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கிறவன். சின்ன வயசில் அப்பா ஒரே ஒரு தடவை கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து அம்மாவிடம், "இவன் வேண்டாம்டி, குடலையே கக்குதான்" என்றார். அதோடு சரி. கடலை நான் பிறகு கரையிலிருந்து பார்த்ததோடு சரி. பார்க்கவும் பிடிக்காது.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துகொள்ளட்டுமா? முன் சீட்டுக்காரர் தலையில் தேய்த்திருக்கிற எண்ணெய் வயிற்றைப் புரட்டுகிறது. உங்களுக்கு எதுவரைக்கும்? விருதுநகரா? நல்லது. எனக்கு மதுரை.

மதுரையில் ஒரு ஓட்டல் ஹாலில் இன்றைக்கு விசாரணை நடக்கிறது. என் தம்பி செத்த விசாரணை. வெள்ளைக்கார நீதிபதி ஒருத்தர் கடல் கடந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்கு என்னைக் கூப்பிடவில்லை. என்னை, சார்! இந்த வழக்கை முதலிலிருந்து தோளில் தூக்கிச் சுமந்தவனை. ராத்திரி வேலை முடிந்து, வழக்கம்போல பாலில்லாத கட்டன் சாயா குடிக்கத் தம்பி வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள்: "டெல்பின் விடியறதுக்கு முந்தியே போயாச்சே, சிலுவதாசன்கூட, மதுரைக்கு. உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாதா என்று கேட்கிறாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. குளிக்கவில்லை, பல்கூடத் தேய்க்கவில்லை, அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

டெல்பின் என் தம்பி பெண்டாட்டி. தம்பி பெயர் ஜோக்கின்.

நடந்ததை உங்களிடம் சொல்வதில் என்ன, நீங்கள் என்ன நீதிபதியா? வளைகுடாவில் ஒரு அரபியிடம் படகு வேலை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் கிடக்கிறார்கள். ஜோக்கினும் சிலுவதாசனும் ஒரு பைபர் படகில், ஒரே ஊர்க்காரர்கள், ஒன்றாகப் படித்தவர்கள். படித்தவர்கள் என்றால், ஒன்றாகப் படிப்பை விட்டவர்கள். வலையை இறக்கிவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நல்ல வெயில். தூரத்தில் ஒரு சாம்பல் நிறக் கப்பல். அது நேராக வலையைப் பார்த்து வருகிறது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஓடிப் போக மாட்டார்கள். ஒதுங்க மாட்டார்கள். எஞ்சினை முழுசாகத் திருகிக்கொண்டு கப்பலைப் பார்த்தே போவார்கள். ஒருத்தன் முன்னால் ஏறி நின்று சட்டையைக் கழற்றி வீசுவான். 'வலை கிடக்கு, விலகிப் போ' என்று அர்த்தம். சரக்குக் கப்பல்காரனுக்கு அது தெரியும். திட்டிக்கொண்டே கொஞ்சம் திருப்புவான். எங்கள் கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அன்றைக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். சிலுவதாசன் எஞ்சினில். ஜோக்கின் முன்னால், சட்டையோடு.

அது சரக்குக் கப்பல் இல்லை. பல நாட்டுக் கூட்டுப்படையின் காவல் கப்பல். சுட்டுவிட்டான்.

சிலுவதாசனுக்குத் தோளில் ஒரு பிடி சதை போயிற்று. ஜோக்கினுக்கு... விடுங்கள். மூடின பெட்டியில்தான் வந்தான். திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

சரி, எதற்காகச் செத்தான்? வலைக்காக. யார் வலை? அரபி வலை! சொந்த வலை என்றாலாவது ஒரு நியாயம். எவனோ ஒருத்தனுடைய நைலான் கயிற்றுக்காகத் துப்பாக்கிக்கு நேராகப் படகை ஓட்டுவார்களா? அறிவு வேண்டாமா?

அதற்குப் பிறகு அந்தக் கூட்டுப்படைக்காரர்கள் பேசினார்களே ஒரு பேச்சு, அதைக் கேட்டால் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். கப்பல் ஒரு நாட்டுடையது. துப்பாக்கியில் நின்றவன் இன்னொரு நாட்டுக்காரன். 'சுடு' என்று ரேடியோவில் உத்தரவு போட்டவன் மூன்றாவது நாட்டில், குளிர் அறையில் உட்கார்ந்திருந்தவன். இவனைக் கேட்டால் அவன் என்கிறான், அவனைக் கேட்டால் 'அது கூட்டணி முடிவு' என்கிறான். கூட்டணியைக் கேட்டால், கூட்டணி என்பது ஓர் ஆள் இல்லையாம், அதன் மேல் யாரும் வழக்குப் போட முடியாதாம். சுடும்போது மட்டும் ஆள். பதில் சொல்லும்போது ஆள் இல்லை. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பைக் கொட்டிவிட்டு, நானில்லை நீயில்லை என்று சமையல்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் இங்கே இலையில் கிடப்பது என் தம்பி.

கடைசியில் ஓர் அறிக்கை விட்டார்கள். 'வருந்தத்தக்க சம்பவம்' என்று அதில் ஒரு வரி. சம்பவமாம். இடி விழுந்த மாதிரி, மழை பெய்த மாதிரி, தானாக நடந்துவிட்டதாம். அதற்கடுத்த வரியில், 'தாக்கும் நோக்கத்துடன் வேகமாக நெருங்கிய, கடற்கொள்ளையர் எனச் சந்தேகிக்கப்பட்ட இருவர்.' த்தூ.

டெல்பின் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். கொள்ளையர். "அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லுங்க அத்தான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள். அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அப்படிக் கூப்பிட்டுவிட்டதாம். சிலுவதாசனுக்கும் அதனால் வளைகுடாப் பக்கம் திரும்பிப் போக வழியில்லை. எந்த விமான நிலையத்திலும் அவன் பெயரைத் தட்டினால் கொள்ளைக்காரன் என்றுதான் வரும். நான் சொன்னேன்: ஒரு வார்த்தைக்கா நான் இவ்வளவு பாடுபடுகிறேன்? அத்தனை நாட்டையும் கூண்டில் ஏற்ற வேண்டும். உலகமே பார்க்க வேண்டும். அவளுக்கு அதெல்லாம் எட்டாது, சார். பாவம், அவள் படிக்கவில்லை.

நானும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் இல்லை. ஆனால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் உட்கார்ந்து நானாகப் படித்தவன். ஜெனீவா ஒப்பந்தங்களைத் தமிழில் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறேன். சுற்றிலும் ஐஸ், நடுவில் நான், கையில் சர்வதேசச் சட்டம். பைத்தியம் என்று கூட வேலை பார்க்கிறவன் சொல்வான். தூக்கம் வராதவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

இப்படி இருக்கும்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். மார்த்தா. கூட்டுப்படையில் இருக்கிற நாடுகளில் ஒன்றைச் சேர்ந்தவள். நாட்டின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற டீச்சர். அவளைப் போலவே அங்கே கொஞ்சம் பேர், நர்ஸ், பஸ் டிரைவர், பாட்டு வாத்தியார் என்று. சேர்ந்து தங்கள் சொந்த அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டிருந்தார்கள். 'எங்கள் பெயரைச் சொல்லித்தானே அந்தக் கப்பலை அனுப்பினீர்கள், எங்களுக்குப் பதில் சொல்லுங்கள்' என்று. வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, டெல்பின் வைத்த மீன் குழம்பைக் கண்ணீர் வழிய வழியத் தின்றாள். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "மதினி, இன்னும் ரெண்டு மிளகாயை அள்ளிப் போடு, வெள்ளைக்காரி நமக்காவ அழுவுதான்னு பேப்பர்ல போடலாம்" என்று ஒருத்தன். அவ்வளவு பேரும் சிரிக்கிறார்கள். செத்த வீடு சார் அது. எனக்கு ஊரைவிட்டே ஓடிவிடலாம் போல இருந்தது.

அந்த மார்த்தாவிடமும் எனக்கு ஒரு வெறுப்பு உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அவர்கள் கூடி உட்கார்ந்து கையைத் தூக்கி முடிவெடுப்பார்கள். அறிக்கையில் 'கொலை' என்று எழுதலாமா என்பதற்கு ஒரு கூட்டம். கொலைக்குக் கொலை என்று பெயர் வைக்கக் கைதூக்க வேண்டுமா? அவர்கள் இல்லையென்றால் வழக்கு இல்லை என்று வக்கீல் மணிமொழி சொல்வார். சென்னை வக்கீல். அவருக்கு நல்லவர்களைக் கண்டால் உடனே உருகிவிடும்.

அவர்கள் நாட்டுக் கோர்ட்டில் வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. முதல் விசாரணை டிவிப் பெட்டி வழியாக. நாகர்கோவிலில் ஓர் அறையில் சிலுவதாசன் உட்கார வேண்டும், அங்கேயிருந்து கேட்பார்கள். உயிரோடு இருக்கிற ஒரே சாட்சி அவன்தான். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கூட்டுப்படைக்காரர்கள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது ஒரே ஒரு கயிறு: 'வேகமாக நெருங்கினார்கள்.' அந்தக் கயிற்றை அறுத்துவிட்டால்? நெருங்கவே இல்லை என்றால்? எஞ்சினே ஓடவில்லை என்றால்?

சிலுவதாசனை ஐஸ் கம்பெனிக்கு வரச் சொன்னேன். சாயங்காலம் வேலைக்கு ஏறுகிறதுக்கு முன்னால், தினமும்.

"எஞ்சின்?" என்பேன்.

"ஆஃப்."

"நீ?"

"உறங்கிட்டிருந்தேன்."

"ஜோக்கின்?"

"அவனும்."

பிறகு, "அண்ணே, வலையை இறக்கிப் போட்டுட்டு உச்சி வெயில்ல ரெண்டு பேரும் உறங்கினோம்னு சொன்னா, கேக்குதவன் சிரிப்பானே" என்பான்.

"கேக்குதவனுக்கு வலையைப் பத்தி என்னடே தெரியும்? அவன் மீனை டப்பாவுல பாத்தவன்."

"எனக்குத் தெரியுமே அண்ணே."

"நீயா தீர்ப்பு எழுதப் போறே? எஞ்சின்?"

"...ஆஃப்."

எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன் தெரியுமா? ஒரு பொய் சொல்ல வைத்தேன் என்று நினைக்கிறீர்களா? அவர்கள் சொன்னது மலை போலப் பொய். அதற்கு முன்னால் இது என்ன? பொய்க்காரர்களைக் கண்டால் எனக்கு அப்படி ஓர் அருவருப்பு. அந்த அருவருப்பில்தான் இதைச் செய்தேன்.

டெல்பினுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"அத்தான், அவரு உறங்கினாருன்னா சொல்லப் போறிய?"

"ஆமா. என்ன இப்ப?"

"எனக்க மாப்பிள்ள வேலை செய்யுதப்ப செத்தவரு. அத எதுக்கு மறைக்கணும்?"

"அரபிக்க வலைக்காவச் செத்தான்னு எழுதச் சொல்லுதியா? அது உனக்கு மானமா இருக்கா?"

"வலை யாருக்கதா இருந்தா என்ன அத்தான்? எறக்குனது இவரு."

அவ்வளவுதான் அவள் புத்தி. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை. அவள் பொதுவாகவே அழுகிறவள் கிடையாது. அதுவே ஊரில் ஒரு பேச்சு.

விசாரணை நாள் வந்தது. டிவிப் பெட்டியில் நீதிபதி, கறுப்பு அங்கி, பின்னால் ஒரு கொடி. மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர் இருந்தார், மரியாதையான மனுஷர். "நீங்கள் அப்ப நித்திரையோ?" என்று அவர் கேட்கிறார். சிலுவதாசன் திரும்பி என்னைப் பார்க்கிறான். நான் கண்ணை மூடிக் காட்டினேன். "ஆமா. நித்திரை. எஞ்சின் ஆஃப்" என்றான். நன்றாகத்தான் சொன்னான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் கூட்டுப்படை வக்கீல் எழுந்தான். ஒல்லியாக, ஓணான் மாதிரி. ஒரு படத்தைப் போட்டான். கப்பலிலிருந்தே எடுத்த படம். சத்தமில்லாத படம். வெள்ளையாகக் கடல், அதைக் கிழித்துக்கொண்டு ஒரு படகு நேராக வருகிறது. எஞ்சினில் ஓர் ஆள். முன்னால் ஓர் ஆள் நின்றுகொண்டு எதையோ சுழற்றுகிறான்.

"இவர் நித்திரையில் இருக்கிறாரோ?" என்று அந்த வக்கீல் கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

சிலுவதாசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "வலை! வலை கிடந்து சார்! விலக்கத்தான் போனோம்!" என்று கத்துகிறான். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. தீர்ப்பில் எழுதினார்கள்: சாட்சி முதலில் ஒன்று சொன்னார், பிடிபட்டதும் வேறொன்று சொன்னார். ஆகவே வலை என்கிற கதையையும் நம்ப இயலாது. அறிக்கையில் உள்ள வார்த்தை அப்படியே நிற்கும்.

பார்த்தீர்களா வஞ்சகத்தை? படம் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னார்களா? ஒளித்து வைத்திருந்து அடிக்கிறார்கள். மணிமொழி சொல்கிறார், 'படம் இருக்குன்னு நான் உங்ககிட்ட சொன்னேனே பெர்க்மான்ஸ் சார்' என்று. சொல்லியிருக்கலாம். வக்கீல்கள் எவ்வளவோ சொல்வார்கள். சிலுவதாசனாவது கடைசிவரை ஒரே சொல்லில் நின்றிருக்க வேண்டாமா? 'அது எங்கள் படகே இல்லை' என்று சாதித்திருக்கலாமே! கை நழுவவிட்டவன் அவன்தான். ஒரு மாதம் அவன் முகத்தில் விழிக்கவில்லை நான். அவன் வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவான். குனியட்டும்.

மார்த்தா கூட்டம் விடவில்லை. மேல்முறையீடு போட்டார்கள். தங்கள் ஊரிலேயே அவர்களைத் துரோகிகள் என்று கல்லெறிந்தார்களாம். அந்தப் பாட்டு வாத்தியாருக்கு வேலை போயிற்றாம். இருந்தும் விடவில்லை. 'சாட்சியை நேரில் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது' என்று மேல் கோர்ட்டில் கேட்டு, ஒரு நீதிபதியை இங்கேயே அனுப்ப வைத்துவிட்டார்கள். அதுதான் இன்றைக்கு மதுரையில்.

மணிமொழி அதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து சொன்னார், "இந்தத் தடவை நீங்க சாட்சிகிட்ட பேசவே கூடாது. ஒரு வார்த்தைகூட." நான் யார், தெருவில் போகிறவனா? செத்தவனின் அண்ணன். எந்தத் தேதி என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது டெல்பினும் அவனும் கள்ளத்தனமாக, விடியுமுன்... கோவில்பட்டி வந்துவிட்டதா? கண்டக்டர் டீக்கு நிறுத்துவான். நிறுத்தக் கூடாது. நான் போய்த் தடுக்காவிட்டால் அவன் உளறிவிடுவான். 'ஆமாம், வேகமாகப் போனோம்' என்று அவன் வாயாலேயே... ஏற்கெனவே ஒரு தடவை பொய்யன் என்று எழுதிவிட்டார்கள். நான் புதிதாக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். எஞ்சின் கோளாறு. கைப்பிடி சிக்கிக்கொண்டது, படகு தானாக ஓடியது, நிறுத்த முடியாமல் உதவி கேட்டுச் சட்டையை வீசினான். எப்படி இருக்கிறது? படத்துக்கும் பொருந்தும். வலையும் வராது, அரபியும் வரமாட்டான். ஆபத்தில் இருந்தவனைச் சுட்டார்கள் என்றால் உலகமே கொதிக்கும். பஸ்ஸில் ஏறினதிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். எங்கேயும் ஓட்டை இல்லை.

இருங்கள், போன். டெல்பின்தான். பஸ் சத்தத்தில் கேட்காது, ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"டெல்பின்! எங்க இருக்கே? யாருகிட்டயும் வாயைத் திறக்காண்டாம்னு அவன்கிட்டச் சொல்லு. நான் வந்துட்டிருக்கேன்."

"முடிஞ்சாச்சு அத்தான்."

"என்ன முடிஞ்சாச்சு?"

"நம்மளத்தான் முதல்ல கூப்பிட்டாவ. சிலுவதாசண்ணன் உள்ளத உள்ளபடி சொல்லியாச்சு. போன தடவை பொய்தான் சொன்னேன், மன்னிச்சுக்கிடுங்கன்னு முதல்லயே சொல்லிட்டாரு. எஞ்சின் ஓடுச்சு, கப்பலப் பாத்துத்தான் ஓட்டுனேன்னு."

"அறிவு கெட்டவன்! கெடுத்தானே..."

"முழுசும் கேளுங்க. எதுக்குப் போனியன்னு அந்த நீதிபதி அம்மா கேட்டாவ. வலை கிடந்துன்னாரு. எப்பிடி விலக்குவிய, செய்து காட்டுங்கன்னாவ. அண்ணன் சட்டையக் கழத்திட்டு, மேசை மேல ஏறி நின்னு வீசுனாரு பாருங்க! கத்துன கத்துல ஓட்டல்காரன் அடிதடின்னு நினைச்சு ஓடி வந்துட்டான்."

சிரித்தாள். கேட்டீர்களா? அங்கே நின்றுகொண்டு சிரிக்கிறாள்.

"பெறவு அந்தப் படத்தப் போடச் சொன்னாவ. நான் அன்னைக்கு பாக்கல்ல அத்தான், இன்னைக்குத்தான் பாத்தேன். அவருதான். முன்னால நிக்குதாரு. அண்ணன் இஞ்ச வீசுன மாதிரியே அங்க அவரு வீசுதாரு. நீதிபதி அம்மா மூணு தடவை போடச் சொல்லிப் பாத்தாவ. அந்தக் கப்பல்காரனுக்க வக்கீலு ஒண்ணும் கேக்கல்ல. வலைய விலக்க வந்த தொழிலாளின்னு நீதிபதி அம்மா சொல்லச் சொல்ல, கூட இருந்தவிய எழுதிக்கிட்டாவ. தீர்ப்பு வர நாளாகுமாம். வரட்டும். எழுதியாச்சுல்லா."

"நீ யாரைக் கேட்டுப் போனே?"



"அத்தான், நீங்க வராண்டாம். நிக்குத இடத்துல இறங்கி வீட்டுக்குப் போயிக் கொஞ்சம் உறங்குங்க. கட்டன் நாளைக்குப் போட்டுத் தாறேன்."

வைத்துவிட்டாள்.

தொழிலாளியாம். அரபிக்குத் தொழிலாளி. அத்தனை நாட்டையும் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டிய வழக்கு, ஒரு ஓட்டல் மேசை மேல் சட்டையில்லாமல் ஒருத்தன் ஆடின கூத்தில் முடிந்துவிட்டது. அதற்கு அவளுக்கு ஒரு சிரிப்பு! என் தம்பி பெண்டாட்டி சிரிக்கிறாள், சார். எனக்கு வாயெல்லாம் கசக்கிறது.

இல்லை. யோசித்துப் பாருங்கள், இது இயல்பா? என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் 'வராண்டாம்' என்று சொல்வாளா? யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள். சொல்ல வைத்திருக்கிறார்கள். கூட்டுப்படைக்காரன் எதற்கும் துணிந்தவன். அதுதான், அதுவேதான்! மிரட்டி வாங்கின சாட்சி செல்லாது. சட்டத்திலேயே இருக்கிறது. மறு விசாரணை கேட்கலாம்.

அந்த டிவிப் பையன் நம்பர் இருக்கிறது. மதுரையில் இறங்கினதும் வாசலிலேயே பேட்டி. ஆனால் நான் மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள். அண்ணன்காரன் ஏதோ பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். வெளி ஆள் ஒருத்தர் வேண்டும். எங்களுக்கு உறவில்லாத, ஊர்க்காரரில்லாத ஆள். நீங்கள் கூடவே இருந்து கேட்டீர்களே சார். உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? விருதுநகரில் இறங்க வேண்டாம், மதுரை வரை வாருங்கள். பெரிய புண்ணியமாகப் போகும்.

எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். ஒன்றும் கஷ்டமில்லை, நான் சொல்லித் தருகிறேன். அவள் சிரித்தாள் என்று சொல்லாதீர்கள். சிரித்தாள் என்றால் நிற்காது. அழுதாள். பேசப் பேசக் குரல் நடுங்கியது. பின்னால் ஓர் ஆம்பிளை அதட்டுகிற சத்தம், தமிழ் இல்லை, வேறு ஏதோ பாஷை. அவ்வளவுதான். எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம். போனில் அந்தப் பெண் எப்படிப் பேசினாள்?

இல்லை சார். அப்படி இல்லை. முதலிலிருந்து வருவோம். போனில் அந்தப் பெண் எப்படிப் பேசினாள்?